வடித்த சாதம் வெளியே குழைவு, உள்ளே அரிசி: என்ன செய்வது?

காரணம் இரண்டு: தண்ணீர் போதவில்லை, அரிசி ஊறவும் இல்லை. 1 டம்ளர் பொன்னி புழுங்கலுக்கு 3 டம்ளர் தண்ணீர் வைத்தால் வடிக்கிற சாதத்துக்குக் காணாது; 6 டம்ளராவது வேண்டும். கஞ்சி கெட்டியானால் பருக்கையின் மேல்பக்கம் கரையும், நடுப்பகுதி வேகாது.

அரிசியைக் களைந்து அரை மணி நேரம் ஊற வையுங்கள். உலை நன்றாகக் கொதித்தபின் போடுங்கள். மறுபடி கொதி வந்ததும் தீயை நடுத்தரமாக்கி, அடி பிடிக்காமல் ஒருமுறை கிளறினால் போதும். சும்மா சும்மா கரண்டி போட்டால் பருக்கை உடைந்து கஞ்சி இன்னும் கெட்டியாகும்.

15 நிமிடத்தில் ஒரு பருக்கையை விரலில் நசுக்குங்கள். நடுவில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் இன்னும் 2, 3 நிமிடம். பொட்டு மறைந்ததும் வடித்துவிடுங்கள். பானைச் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். இடையில் தண்ணீர் குறைந்தால் கொதிநீர்தான் ஊற்ற வேண்டும், பச்சைத் தண்ணீர் கூடாது.

ஒன்று கவனியுங்கள்: ஒரே பருக்கையில் இந்த இரண்டும் இல்லாமல், சில பருக்கை குழைந்து சில விறைப்பாக நின்றால் அது புது அரிசியும் பழையதும் கலந்த மூட்டையாக இருக்கலாம். அதற்கு இந்தக் கணக்கு உதவாது, கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

பச்சரிசிக்கு இவ்வளவு நேரம் வேண்டாம், 8 நிமிடத்திலிருந்தே பார்க்க ஆரம்பியுங்கள்.