ஏர்க்கால் பட்டதும் உதைக்கும் இளங்குதிரை

கேள்வி: 3 வயதுக் குதிரை. நீண்ட வார் பிடித்துப் பின்னால் நடந்து ஓட்டினால் சொன்னபடி கேட்கிறது. வண்டியில் பூட்டித் திருப்பினால் மட்டும் உதைக்கிறது. ஏன்?

பதில்: இடையில் ஒரு படியைத் தாண்டிவிட்டீர்கள். ஏர்க்கால்களுக்கு, அதாவது வண்டியிலிருந்து குதிரையின் இருபுறமும் முன்னே நீளும் மரங்களுக்கு, நடுவே குதிரையால் உடலை வளைத்துத் திரும்ப முடியாது. முன்கால்களைக் குறுக்காக மாற்றி வைத்துப் பக்கவாட்டில் நகர வேண்டும். அது தெரியாத குதிரை, மரம் விலாவில் அழுத்தியதும் சிக்கிக்கொண்டோம் என்று பதறும். பாவம், அதன்மேல் தப்பில்லை, அடிக்காதீர்கள்.

வண்டியை ஒதுக்கிவையுங்கள். இரண்டு மூங்கில் கழிகளைக் குதிரையின் இருபுறமும் இருவர் ஆளுக்கொன்றாகப் பிடித்து நடக்கட்டும். கழியைக் கட்டவே கூடாது. மிரண்டால் கீழே போட்டுவிட்டு விலக வேண்டும். இடப்பக்கம் திரும்ப, வலக்கழியால் தோளை மெல்ல அழுத்தி, ஓரடி நகர்ந்ததும் அழுத்தத்தை விடுங்கள். ஒரு தடவைக்கு 15 நிமிடம் போதும். இரு பக்கமும் பழகிய பிறகு பழைய டயரை இழுக்கவிடுங்கள்; கயிற்று நுனி உதவியாளர் கையில் இருக்கட்டும். வண்டி அதற்கப்புறம்தான், அதுவும் காலியாக.

மார்புப்பட்டையையும் பாருங்கள்: மேலேறினால் மூச்சுக்குழலை நெரிக்கும், இறங்கினால் தோள்மூட்டைத் தடுக்கும். பூட்டியிருக்கையில் கடிவாளத்தை ஒருபோதும் கழற்றாதீர்கள். கூடவே கண்பட்டையும் போய், பின்னால் வண்டியைக் கண்ட குதிரை பிய்த்துக்கொண்டு ஓடும். பிடித்து நிறுத்தக் கையில் எதுவும் இருக்காது.