மானுமென்ட் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் நவாஹோ மக்களின் எந்த வழக்கங்களை மதிக்க வேண்டும்?

அரிசோனா, யூட்டா மாநிலங்களின் எல்லையில் இருக்கும் மானுமென்ட் பள்ளத்தாக்கு அமெரிக்க அரசின் தேசியப் பூங்கா அல்ல. 1958-இல் நவாஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களே தங்கள் நிலத்தில் அமைத்த பூங்கா. தேசியப் பூங்காக்களின் ஆண்டு அனுமதி அட்டை இங்கே செல்லாது. தனி டிக்கெட் எடுக்க வேண்டும்.

உள்ளே 17 மைல் மண்பாதையில் சொந்தக் காரில் சுற்றலாம். பாதையை விட்டு விலக வேண்டுமானால் நவாஹோ வழிகாட்டி கட்டாயம். ஏனென்றால் அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. மரக்கட்டைகளை அடுக்கி மண் பூசிய ஹோகன் வீடுகள் தென்படும். வாசல் கிழக்கே, விடியலை நோக்கியிருக்கும். எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஒருவரின் வீடு. அழைக்காமல் அருகே போகாதீர்கள். மனிதர்களைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். சம்மதித்தால் சிறிது பணம் கொடுப்பது வழக்கம்.

பாறைகள் அவர்களுக்குப் புனிதமானவை. ஏறுவதற்கும், டிரோன் பறக்கவிடுவதற்கும் தடை. கல், உடைந்த பானைத் துண்டு என எதையும் எடுக்கக் கூடாது. நவாஹோ நிலத்தில் மது அருந்துவது மட்டுமல்ல, வைத்திருப்பதும் குற்றம்.

இதே நவாஹோ நிலத்தில், அரிசோனாவின் பேஜ் நகருக்கு அருகில் ஆன்டெலோப் என்ற குறுகிய பாறைப் பிளவுப் பள்ளத்தாக்கும் இருக்கிறது. அங்கே போனால் வழிகாட்டியின் சொல்லை அப்படியே கேளுங்கள். 1997 ஆகஸ்டில், தொலைவில் பெய்த மழை அந்தக் குறுகிய பிளவுக்குள் வெள்ளமாகப் பாய்ந்து 11 பயணிகளைப் பலிகொண்டது.

கோடையில் நவாஹோ நிலத்தின் கடிகாரம் அரிசோனாவின் மற்றப் பகுதிகளைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடும். முன்பதிவு செய்யும்போது எந்த நேரக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.