குஞ்சோடு நிற்கும் ஹாருவானை விட்டுவிடுங்கள்

தூண்டில் போடுகிறவர்களின் கேள்விகளுக்கு சுங்கை சிப்புட் தூண்டில் கடைக்காரர் பதில் சொல்கிறார்

கேள்வி: என் மகன் செம்பனைத் தோட்டத்துப் பாரிட்டில் (வாய்க்காலில்) மீன் பிடிக்கிறான். தண்ணீர் மேல் சிவப்பாகக் குஞ்சுக்கூட்டம் தெரிந்தால் அங்கே ரப்பர் தவளையை வீசுகிறான், பெரிய ஹாருவானாக (விரால் மீனாக) மாட்டுகிறது. மகள் பிரசவமாகி வீட்டில் இருக்கிறாள், சூப்புக்கு உதவுகிறது. ஆனால் பக்கத்து வீட்டுப் பெரியவர், “குஞ்சோடு நிற்கிற மீனைப் பிடிக்கக் கூடாதும்மா” என்கிறார். அவர் சொல்வது சரியா?
– ஒரு தாயார், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, பெரியவர் சொல்வது முழுக்கச் சரி.

அந்தச் சிவப்புக் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள் தம்பியை. குஞ்சுகள் எல்லாம் சேர்ந்தாற்போல் மேலே வந்து வாய் திறக்கும், மழைத்தூறல் விழுந்ததுபோல் தண்ணீர் சலசலக்கும், உடனே கீழே போய்விடும். ஹாருவான் காற்றை விழுங்கி மூச்சு விடும் இனம். அதனால் குஞ்சுகளுக்கும் மேலே வராமல் முடியாது, எல்லார் கண்ணிலும் படாமலும் இருக்க முடியாது. அதற்குத்தான் தாயோ தகப்பனோ அடியிலேயே காவல் நிற்கிறது. ரப்பர் தவளை பக்கத்தில் விழுந்ததும் அது பாய்வது பசியால் அல்ல, பிள்ளைகளை நெருங்குகிறதே என்ற கோபத்தால். அந்தக் கோபத்தை வைத்துப் பிடிப்பதில் என்னம்மா கெட்டிக்காரத்தனம் இருக்கிறது? அந்த ஒரு மீனைத் தூக்கிவிட்டால் பாரிட்டில் இருக்கிற மற்ற மீன்கள் குஞ்சுகளைச் சீக்கிரமே தின்று தீர்த்துவிடும். சட்டியில் வேகிறது ஒரு மீன்தான், ஆனால் போனது ஒரு ஈட்டுக் குஞ்சுகள் முழுவதும். ஹாருவானின் இனமான தோமான் மீனுக்கும் இதே கதைதான். தெமெங்கோர் ஏரிக்குப் போகிறவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

பிரசவமான பிள்ளைக்குச் சூப் வைப்பதில் ஒரு தவறும் இல்லை. புல் ஓரமாகத் தனியாக நிற்கும் ஹாருவானைத் தம்பி தாராளமாகப் பிடிக்கட்டும், தேவைக்கு ஒன்றிரண்டு போதும். கிடைக்காத நாளில் பசாரில் உயிரோடு விற்பதை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சாண் நீளம்கூட இல்லாததைத் திருப்பி விடச் சொல்லுங்கள், அது இன்னும் முட்டை போட்டிருக்காது.

விடுவதையும் ஒழுங்காக விட வேண்டும். கையை முதலில் தண்ணீரில் நனைக்க வேண்டும். காய்ந்த கையால் பிடித்தால் மேலே உள்ள வழுவழுப்பு உரிந்து, அந்த இடத்தில் புண் வரும். செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்கவே கூடாது. என் கடைக்குத் தூண்டில் முள் வாங்க வரும் பிள்ளைகளிடம், நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டுப் போடச் சொல்கிறேன். கழற்றும்போது வாய் கிழியாது. தொண்டைக்குள் முள் போயிருந்தால் இழுக்காமல் நூலை முள்ளுக்குக் கிட்டே வெட்டிவிட வேண்டும். ஹாருவான் கொஞ்ச நேரம் கரையில் கிடந்தாலும் தாங்கும். லம்பாம் மீன் தாங்காது, அதைத் தண்ணீருக்குள் வைத்தே கழற்றுவது நல்லது.

கேள்வி: பிளஸ் ஆற்றில் ராத்திரியில் சிலர் பேட்டரி கட்டிக்கொண்டு வந்து கரண்டு வைக்கிறார்கள். கேட்டால், “தூபா வேர் இடித்துப் போட்ட காலத்திலிருந்து நடப்பதுதானே” என்கிறார்கள்.
– தோட்டத்து லோரி ஓட்டுநர்

பதில்: அண்ணே, கரண்டு, விஷம், வெடி மூன்றையுமே 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடுக்கிறது. தூபா வேரும் விஷம்தான். அதிலுள்ள ரோட்டினோன் மீனின் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் செய்துவிடும். பெரிசு சிறிசு பார்க்காமல் எல்லாம் மிதக்கும். கரண்டில் சாகாமல் தப்பும் மீனுக்கும் முதுகெலும்பு முறிந்திருக்கலாம். தூண்டில்காரன் வேண்டாததை விடலாம், இவர்களால் முடியாது. எனக்குப் பொறுக்க முடியாத விஷயம் இது. ராத்திரியில் நீங்கள் தனியாகப் போய்த் தடுக்காதீர்கள். இடம், நேரம், வண்டி எண் குறித்துக்கொண்டு மீன்வளத் துறையிடமோ போலீசிடமோ சொல்லுங்கள்.

ஊர் கூடினால் ஆற்றைக் காக்க முடியும் என்பதற்குச் சபாவின் தாகால் முறை இருக்கிறது. ரானாவ் பக்கத்தில் மொரோலி ஆற்றில் கிராமத்து மக்களே மீன்பிடிப்பை நிறுத்திவைத்தார்கள். இன்று அங்கே மீன்கள் ஆள் காலைச் சுற்றி வருகின்றன, அதைப் பார்க்கவே பயணிகள் போகிறார்கள். கோயில் கமிட்டியும் தோட்டத்து இளைஞர்களும் உட்கார்ந்து பேசினால், நம் பக்கத்தில் ஒரு வளைவையாவது இப்படி விட்டுவைக்கலாமே.

கேள்வி: தூண்டிலில் பண்டராயா மீன் மாட்டினால் பாவம் என்று விட்டுவிடுகிறேன். சரிதானா?
– பள்ளி மாணவன்

பதில்: தம்பி, இதை மட்டும் திருப்பி விடாதே. தென் அமெரிக்க மீன் அது; வீட்டுத் தொட்டியில் வளர்த்தவர்கள் ஆற்றில் விட்டதால் பெருகியது. கரையைக் குடைந்து வளை போட்டு முட்டையிடுவதால் கரையும் சரிகிறது. தலையில் ஓங்கி ஒரே அடியாக அடித்துக் கொன்றுவிடு, வதைக்காதே. பிறகு ஆற்றை விட்டுத் தள்ளிக் குழி தோண்டிப் புதைத்துவிடு. அறுந்த நூலையும் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போ. கரையில் கிடந்தால் கொக்கின் காலில் சுற்றிக்கொள்ளும்.