தண்ணீரை மாற்றிய பிறகு திருக்கைக்கு ஏன் மோசமானது?

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக ஒரு மோட்டோரோ திருக்கையை வளர்க்கிறேன். சில நாட்களாக அதன் முதுகில் வெள்ளைப் படலம் படர்ந்து, நூல் நூலாகப் பிரிந்து மிதக்கிறது. சோதித்தபோது அமோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம், பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு; 7க்குக் கீழே அமிலம்) 5.8. பதறிப்போய் முக்கால் தொட்டித் தண்ணீரை மாற்றினேன். குளோரின் நீக்கியும் சேர்த்தேன். மறுநாள் உடலின் ஓரமெல்லாம் சிவந்துவிட்டது. குழாய்த் தண்ணீரின் பி.எச். 7.8. பூஞ்சை மருந்து ஊற்றலாமா? வால் முள்ளும் கழன்று கிடந்தது. அதுவும் இந்த நோய்தானா?

பதில்: மருந்துப் புட்டியை மூடி வையுங்கள். மீன் கடைகளில் பூஞ்சைக்கும் ஒட்டுண்ணிக்கும் தரப்படும் மருந்துகள் பலவற்றில் செம்பு, பார்மலின், மாலகைட் பச்சை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். செதிலுள்ள மீன் தாங்கும் அளவையே திருக்கை பல நேரம் தாங்காது. தவிர, நீங்கள் சொல்லும் அடையாளம் பூஞ்சையுடையது அல்ல. பூஞ்சை ஒரு காயத்தின் மேல் பஞ்சுக் குச்சம்போல ஓரிடத்தில் நிற்கும். உடல் முழுக்கப் படர்ந்து நூலாகப் பிரிவது திருக்கையின் சொந்தச் சளி. தோல் எரியும்போது அது தன்னைக் காத்துக்கொள்ள அதிகமாகச் சுரக்கிறது.

இந்தத் தோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடல் திருக்கைகள் இரத்தத்தில் யூரியாவைத் தேக்கி, உப்பு நீருக்கு ஈடுகொடுக்கின்றன. உங்கள் மோட்டோரோவும் அடங்கிய, தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் போட்டமோட்ரைகன் இனங்கள் அந்தத் திறனை இழந்துவிட்டன. அவற்றின் இரத்தத்தில் யூரியா மிகக் குறைவு என்பது 1967இலேயே பதிவாகிவிட்டது. நன்னீரில் அவற்றுக்குச் சிக்கல் தலைகீழானது: வெளித் தண்ணீர் உள்ளே புகப் பார்க்கிறது, உள்ளிருக்கும் உப்புகள் வெளியே கசியப் பார்க்கின்றன. செவுளோடு சேர்ந்து தோலும் சளியும்தான் இதைத் தடுக்கும் வேலி. அதனால் திருக்கைக்குத் தோல் புண் என்பது அழகுப் பிரச்சினை அல்ல.

இனி நீங்கள் செய்த தண்ணீர் மாற்றம். நோக்கம் சரி, கணக்குதான் காலை வாரியது. சோதனைக் குப்பி காட்டும் அமோனியா இரண்டு வடிவங்களின் கூட்டுத்தொகை. அம்மோனியம் அயனி அதிகம் தொந்தரவு செய்யாது; கட்டற்ற அமோனியாதான் தோலையும் செவுளையும் சுடும். எது எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் பி.எச். தீர்மானிக்கிறது. 26 டிகிரி செல்சியஸில், பி.எச். 5.8 என்றால் மொத்தத்தில் கட்டற்றது சுமார் 0.04 சதவீதம். பி.எச். 7.5இல் அது ஏறக்குறைய 2 சதவீதம். முன்பு 2 மில்லிகிராமில் கட்டற்றது 0.0008 மட்டுமே. முக்கால் பங்கு நீரை மாற்றியதும் மொத்தம் 0.5 ஆகக் குறைந்தது; ஆனால் பி.எச். 7.5ஐத் தொட்டிருந்தால் கட்டற்றது சுமார் 0.01. அழுக்கு நான்கில் ஒரு பங்காகிவிட்டது, நஞ்சு பன்னிரண்டு மடங்காகிவிட்டது! ஒரே நாளில் பி.எச். இவ்வளவு தாவியதும் தனி அடி.

அந்த 5.8 எப்படி வந்தது என்பதுதான் மூலக்கதை. பில்டரில் உள்ள பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உருவாகிறது. நைட்ரஜனாகக் கணக்கிட்ட ஒரு மில்லிகிராம் அமோனியாவுக்குச் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் நீரின் இருப்பு, கரைகிறது. திருக்கை நிறையத் தின்று நிறையக் கழிக்கும் பிராணி என்பதால் இந்த இருப்பு விரைவில் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் பி.எச். சரியும், 6க்குக் கீழே பாக்டீரியாக்களும் சோர்ந்துபோகும், அமோனியா தேங்கும். பார்வைக்குத் தண்ணீர் கண்ணாடிபோல இருந்திருக்கும். முதலில் வந்த படலம் இந்தச் சரிவின் விளைவாகத்தான் பெரும்பாலும் இருக்க வேண்டும்.

இப்போது பி.எச்.ஐ மறுபடி கீழே இழுக்க அமிலம் எதையும் சேர்க்காதீர்கள். ஏறியது ஏறியதாகவே இருக்கட்டும். அமோனியாவைப் பிணைக்கும் நீர்ப்பதப்படுத்தி ஒன்றைப் புட்டியில் உள்ள அளவுப்படி இடுங்கள். பிறகு அமோனியாவும், அது நைட்ரேட்டாக மாறும் வழியில் உருவாகும் நைட்ரைட்டும் பூஜ்யத்தைத் தொடும்வரை தினமும் ஐந்தில் ஒரு பங்கு நீரை, அதே வெப்பநிலையில், குளோரின் நீக்கி மாற்றுங்கள். தொட்டி இப்போது குழாய் நீரின் பி.எச்.ஐ நெருங்கிவிட்டதால் இந்த மாற்றங்கள் பழைய அதிர்ச்சியைத் தராது. வளர்ந்த திருக்கை என்றால் இரண்டு நாள் உணவை நிறுத்துங்கள். பிறகு கொஞ்சமாகத் தொடங்கலாம். பில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசும் வழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள், வாளியில் எடுத்த தொட்டி நீரிலேயே அலசுங்கள். உப்பு அமோனியாவை அகற்றாது, அதனால் அந்த யோசனையும் வேண்டாம்.

நிலைமை அடங்கிய பிறகு பி.எச்.ஐ மட்டும் பார்த்துக்கொண்டிராமல் வாரம் ஒருமுறை கார்பனேட் கடினத்தன்மையையும் (மேலே சொன்ன காரத்தன்மை இருப்பைக் காட்டும் அளவு) சோதியுங்கள். அது 3 கடினத்தன்மை டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் பி.எச். சரியப்போகிறது என்று பொருள். வாராவாரம் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றி வந்தால் பெரும்பாலும் இந்த நிலை வராது.

தண்ணீர் சரியான பிறகும் ஒரே இடத்தில் காயம் நீடித்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். நீளக்கோடாக வெளுத்திருந்தால் ஹீட்டர் சுட்டிருக்கும். அதற்குக் கூண்டு போடுங்கள். வட்ட வட்டமாகச் சிராய்த்திருந்தால் தொட்டியில் உள்ள சக்கர் மீனைச் சந்தேகியுங்கள், திருக்கையின் சளியை உறிஞ்சும் பழக்கம் அதற்கு உண்டு. அடிவயிற்றில் சிராய்ப்பு என்றால் கூரான சரளைக்கல்லை அகற்றி மென்மணல் போடுங்கள். உடலின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டாலோ, வயிற்றுப் பக்கம் செம்புள்ளிகள் பரவினாலோ அன்றைக்கே மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள்.

வால் முள் விஷயத்தில் கவலை வேண்டாம். திருக்கை அதை அவ்வப்போது உதிர்த்துவிடும். புதியது அடியிலிருந்தே முளைத்து வரும். உதிர்ந்த முள்ளிலும் நஞ்சு எஞ்சியிருக்கலாம் என்பதால் இடுக்கியால் எடுத்து அகற்றுங்கள்.