டொயோட்டா 86: பவர் கூட்ட எதில் கை வைப்பது?

கேள்வி: 2013-ஆம் ஆண்டு டொயோட்டா 86 வைத்திருக்கிறேன். மேனுவல் கியர், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கிள்ளானிலிருந்து ஷா ஆலமுக்குத் தினமும் வேலைக்குப் போவது இதில்தான். வார இறுதியில் கெந்திங் மலைப்பாதை. சீக்கிரமே சிப்பாங்கில் ஒரு டிராக் டே போக ஆசை. மூன்றாவது கியரில் மிதித்தால் நடுவில் கார் தொய்கிறது. பட்டறையில் கோல்ட் ஏர் இன்டேக், முழு எக்ஸாஸ்ட் போடச் சொல்கிறார்கள். அப்புறம் டர்போ கிட் போடலாமாம். கையில் 15,000 ரிங்கிட் இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

பதில்: நடுவில் தொய்கிறது என்கிறீர்களே, அது உங்கள் காரில் மட்டும் உள்ள கோளாறு அல்ல. இந்த எஃப்ஏ20 எஞ்சின் நிமிடத்துக்கு 7,000 சுற்றில் 200 குதிரைத்திறன் தரும். ஆனால் ஏறத்தாழ 3,500-இலிருந்து 4,500 சுற்று வரை டார்க் (இழுவிசை) சட்டென்று இறங்கி, பிறகுதான் மறுபடி ஏறும். அதன் உச்சமான 205 நியூட்டன் மீட்டர் 6,500 சுற்றுக்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஊருக்குள் ஓவர்டேக் செய்யும்போது எஞ்சின் நிற்பதோ சரியாக அந்தப் பள்ளத்தில். ஆகவே உங்களுக்கு வேண்டியது உச்ச பவர் அல்ல, அந்தப் பள்ளத்தை நிரப்புவது. பட்டறைக்காரர் சொன்ன இன்டேக் அதை நிரப்பாது.

பணத்தை எடுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. 2018 நவம்பரில், இந்த எஞ்சினைத் தயாரித்த சுபாரு, இது உள்ள ஆரம்ப கால கார்களை வால்வு ஸ்பிரிங் உடையும் அபாயத்துக்காகத் திரும்ப அழைத்தது. டொயோட்டா 86-ம் அதில் சேர்ந்தது. உங்கள் கார் 2013 மாடல். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, இந்தக் கார் அந்தப் பட்டியலில் உள்ளதா, வேலை முடிந்ததா என்று டொயோட்டா சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். முடிந்திருந்தால் யார் செய்தார்கள் என்பதையும் கேளுங்கள். சிலிண்டர்கள் இருபக்கமும் படுத்திருக்கும் எஞ்சின் என்பதால், இந்த வேலைக்கு எஞ்சினையே கீழே இறக்க வேண்டியிருக்கும். திரும்ப மூடும்போது சீலண்ட்டை அள்ளித் தடவினால், பிசிறுகள் உதிர்ந்து ஆயில் உறிஞ்சும் வடிகட்டியை அடைக்கும். ஆயில் பிரஷர் குறைந்த எஞ்சினில் பவர் ஏற்றினால் பேரிங் போய்விடும். கம்ப்ரெஷன் டெஸ்ட், புது பிளக், புது ஆயில் எல்லாம் முதலில் முடியட்டும்.

அடுத்தது பெட்ரோல். இந்த எஞ்சினின் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் விகிதம், 12.5-க்கு 1. சாதாரண காருக்கு ஊற்றும் ரோன் (ஆக்டேன் அளவு) 95 இதற்குப் போதாது. நம் ஊர் வெயிலில் உறிஞ்சும் காற்றே சூடாக இருக்கிறது. நாக் (எரிபொருள் நேரம் தவறித் தானாகவே வெடிப்பது) வரும் அறிகுறி தெரிந்ததும், எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூ, பிளக் தீப்பொறி போடும் நேரத்தை (இக்னிஷன் டைமிங்) பின்னுக்கு இழுத்துவிடும். அதோடு பவரும் போகும். இதை நீங்களே பார்க்கலாம். காரின் ஓபிடி (கோளாறு பார்க்கும்) சாக்கெட்டில் செருகும் புளூடூத் ரீடர் ஒன்றும், சுபாரு ஈசியூவைப் படிக்கத் தெரிந்த ஆப் ஒன்றும் இருந்தால் போதும். அதில் ஐஏஎம் என்ற எண்ணைப் பாருங்கள். 1 என்று இருந்தால் ஈசியூ முழு டைமிங்கையும் நம்பிக் கொடுக்கிறது. 0.7 போலக் கீழே இறங்கி நின்றால் பெட்ரோலோ எஞ்சினோ சரியில்லை. ரோன் 97 ஊற்றி இரண்டு மூன்று டேங்க் ஓடிய பிறகும் அது 1-க்கு ஏறாவிட்டால் எந்தப் பாகமும் வாங்காதீர்கள். முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

இப்போது அந்தப் பள்ளத்துக்கு வருவோம். ஒவ்வொரு சிலிண்டரும் புகையை வெளியே தள்ளும்போது குழாயில் ஓர் அழுத்த அலை ஓடுகிறது. குழாய்கள் சேரும் இடத்தில் அது மோதித் திரும்பி வரும். இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சிறிது நேரம் சேர்ந்தே திறந்திருக்கும் கட்டத்தில் அந்த அலை வந்து சேர்ந்தால், வெளியே போக வேண்டிய புகை உள்ளேயே தங்கி, புதுக் காற்றுக்கு இடம் குறையும். கம்பெனி ஹெடரின் (எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் முதல் குழாய்த் தொகுப்பின்) குழாய் நீளத்தில் இது நடப்பது ஏறத்தாழ 4,000 சுற்றில். நல்ல ஹெடர் போட்டால் அலை வந்து சேரும் நேரம் மாறும். கூடவே டியூன் செய்யும்போது, அதாவது ஈசியூவின் கணக்கைத் திருத்தும்போது, வால்வுகள் திறக்கும் நேரத்தையும் (கேம் டைமிங்) அதற்கேற்ப மாற்றுவார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பலன். ஹெடரை மட்டும் மாட்டிவிட்டு டியூன் செய்யாமல் விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உச்ச பவரில் கூடுவது சக்கரத்தில் 10, 15 குதிரைத்திறன்தான். ஆனால் 4,000 சுற்றில் மிதிக்கும்போது வேறு கார் ஓட்டுவது போல இருக்கும். டொயோட்டாவே 2017 மாடலில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் இன்டேக் மேனிஃபோல்டையும் திருத்தி, மேனுவல் கார்களில் ஃபைனல் டிரைவை (சக்கரத்துக்கு முன் உள்ள கடைசிப் பல்சக்கர விகிதம்) 4.1-இலிருந்து 4.3-க்கு மாற்றியது.

ஒரு எச்சரிக்கை. இந்தக் காரில், புகையைச் சுத்திகரிக்கும் முதல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஹெடருக்குள்ளேயே இருக்கிறது. விற்பனையில் உள்ள பல ஹெடர்களில் அது கிடையாது. கன்வெர்ட்டரோடு வருவதையே வாங்குங்கள். பின்னால் உள்ள கன்வெர்ட்டரைத் தொடவே வேண்டாம். சத்தமும் நாற்றமும் இல்லாமல் தினமும் வேலைக்குப் போக அதுதான் வழி.

கோல்ட் ஏர் இன்டேக் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. கம்பெனி ஏர்பாக்ஸ் முன்பக்கத்திலிருந்து காற்றை எடுக்கிறது. இந்த அளவு பவருக்கு அது தாராளம். மலிவான கிட்டில் குழாயின் விட்டம் மாறினால் காற்றை அளக்கும் சென்சார் தப்பாகப் படிக்கும், எரிபொருள் கணக்கும் அதோடு தப்பும். பின்பக்க எக்ஸாஸ்ட் சத்தத்துக்கு. பிடித்தால் போடலாம், பவர் கணக்கில் சேர்க்காதீர்கள்.

டியூன் செய்பவரைத் தேர்ந்தெடுப்பது பாகத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியம். ஈசியூடெக் போன்ற மென்பொருளில் இந்த எஞ்சினை ஏற்கனவே டியூன் செய்தவரிடம் போங்கள். ஹெடர் மாட்டும் முன் ஒரு தடவை, மாட்டி டியூன் செய்த பிறகு ஒரு தடவை, ஒரே டைனோவில் (பவரை அளக்கும் உருளை மேடையில்) ஓடவிட்டு இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வாங்குங்கள். வேறு வேறு டைனோக்களின் எண்களை ஒப்பிடுவதில் பயனில்லை. உச்ச எண்ணை விட்டுவிட்டு 3,500-க்கும் 4,500-க்கும் நடுவில் கோடு நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். மலை உச்சியில் காரைச் சோதிக்கவும் வேண்டாம். கெந்திங் உச்சி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், காற்று மெலிந்த இடத்தில் டர்போ இல்லாத எந்த எஞ்சினும் சோர்ந்துதான் ஓடும்.

டர்போ? இப்போது வேண்டாம். 12.5 கம்ப்ரெஷனில் கூடுதல் காற்றை அடைத்தால் நாக் வராமல் எஞ்சின் தாங்கும் இடைவெளி மிகக் குறுகிவிடும். இந்த எஞ்சினில் பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளை நம்பிப் போகக்கூடிய எல்லை சக்கரத்தில் 280, 300 குதிரைத்திறன் என்பது டியூனர்கள் வழக்கமாகப் பிடிக்கும் கணக்கு. பின்னாளில் ஆசை விடாவிட்டால், குறைந்த பூஸ்ட்டில் (காற்றழுத்தத்தில்) ஓடும் சென்ட்ரிஃபியூகல் சூப்பர்சார்ஜரை, அதாவது எஞ்சின் சுழற்சியிலேயே ஓடிக் காற்றை அடைக்கும் கருவியைப் பாருங்கள். அதன் பவர் சுற்றோடு சேர்ந்து சீராக ஏறும். நடுச் சுற்றில் ராடுகளின் மேல் திடீர்ச் சுமை விழாது. அப்போதும் கிளட்ச், ஆயில் கூலர், டியூன் எல்லாவற்றுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். கிட் விலையை மட்டும் பார்த்து இறங்கினால் 15,000 பாதி வழியில் தீர்ந்துவிடும்.

மீதிப் பணத்தை சிப்பாங்குக்கு வையுங்கள். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், இரண்டு நீண்ட நேர்பாதைகள், இரண்டின் முடிவிலும் கடும் பிரேக். கம்பெனி பேடும் பழைய பிரேக் ஆயிலும் சில சுற்றுகளில் கைவிட்டுவிடும். நல்ல பேடு, புது டாட் 4 ஆயில், பிடிமானமுள்ள 215/45 ஆர்17 டயர். இவை தரும் வேகத்தை எந்த ஹெடரும் தராது. இந்தக் காரில் ஆயில் கூலர் கிடையாது, 2013 மாடலின் மீட்டரில் ஆயில் வெப்பநிலையும் தெரியாது. அதே ஓபிடி ரீடரில் அதைத் திறந்து வையுங்கள். 120 டிகிரியைத் தாண்டினால் அடுத்த சுற்றை மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். அடிக்கடி டிராக் போவதாக இருந்தால் கூலர் போட்டுவிடுங்கள். ஆயிலையும் 0டபிள்யூ-20-இலிருந்து 5டபிள்யூ-30-க்கு மாற்றலாம்.

கம்பெனி ஹெடரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். கார் விற்கும்போதும் புஸ்பாகோம் வாகனச் சோதனைக்கும் அது தேவைப்படலாம். மாற்றிய பாகங்களை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டைனோ தாளையும் பாகங்களின் ரசீதையும் அதே கோப்பில் வையுங்கள்.