பிளாக்செயின் பெயர் போட்ட டிகிரிக்கு 18 லட்சமா?

பிளஸ் டூ முடித்த மகளுக்காக ஈரோட்டிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். பெங்களூரில் இருக்கும் பெரியப்பா, "இனி எல்லாம் பிளாக்செயின்தான், அந்தப் பெயர் போட்ட டிகிரியிலேயே சேர்த்துவிடு" என்கிறாராம். நிகர்நிலைப் பல்கலைக்கழகம், மேனேஜ்மென்ட் கோட்டா, நான்கு வருஷத்துக்கு 18 லட்சம். வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகும். மகளோ ராத்திரி பகலாக ஏதோ பழைய கேமில் மூழ்கிக் கிடக்கிறாளாம்.

உங்கள் பயம் நியாயமானதுதான் ஐயா. ஆனால் ஆறுதல் சொல்லி நேரத்தை வீணாக்க மாட்டேன். அந்த சீட் வேண்டாம்.

பெரியப்பா சொல்வதில் பாதி உண்மை. பிளாக்செயின் என்பது ஒரே கணக்குப் புத்தகத்தைப் பல கணினிகள் சேர்ந்து வைத்துக்கொள்ளும் முறை. அந்தத் துறையில் தீராத வேலை இருக்கிறது. 2015-ல் தொடங்கிய எத்தீரியம் என்ற பிளாக்செயினில் ஒவ்வொரு கணக்கையும் ஈவிஎம் என்ற விர்ச்சுவல் மெஷின், அதாவது மென்பொருளாகவே ஓடும் ஒரு கணினி, போடுகிறது. அதே கணக்கை உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் திரும்பப் போட்டுச் சரிபார்க்கின்றன. அதனால் ஒவ்வொரு கட்டளைக்கும் 'கேஸ்' என்று ஒரு விலை. இரண்டு எண்களைக் கூட்ட 3 கேஸ், ஒருவருக்கு ஈதர் (எத்தீரியத்தின் காயின்) அனுப்ப 21,000, புதிதாக ஒரு மதிப்பைச் சேமித்து வைக்க 20,000-க்கும் மேல். ஈவிஎம் 256 பிட் எண்களில் யோசிக்கிறது, நம் சிப்புகளோ 64 பிட். ஒரு கூட்டலையே நான்காக உடைத்துச் செய்யவேண்டும். போதாததற்கு, பரிவர்த்தனைகள் ஒரே கவுன்டர் திறந்த ரேஷன் கடை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நகரும்.

இதைச் சரிசெய்ய வந்தவை எங்கே பிறந்தன என்று பாருங்கள். சொலானா என்ற இன்னொரு பிளாக்செயினின் விர்ச்சுவல் மெஷின், லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் சின்ன நிரல்களை ஓட்டும் ஈபிபிஎஃப்பிலிருந்து எடுத்தது. எந்தெந்த அக்கவுன்ட்களைத் தொடப்போகிறோம் என்று ஒவ்வொரு பரிவர்த்தனையும் முன்கூட்டியே சொல்லிவிடுவதால், மோதிக்கொள்ளாதவற்றை அங்கே ஒரே நேரத்தில் ஓட்டலாம். எத்தீரியத்தின் மேல் ஓடும் ஆர்பிட்ரம் 2024-ல் கொண்டுவந்த ஸ்டைலஸ், பிரவுசரில் நிரல்களை வேகமாக ஓட்டுவதற்காக உருவான வெப்அசெம்பிளியில் ஓடுகிறது. 2025 ஏப்ரலில் எத்தீரியத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டரின், ஈவிஎம்மையே விட்டு ரிஸ்க்-ஃபைவ் என்ற சிப் கட்டளைத் தொகுப்புக்கு மாறலாம் என்று முன்மொழிந்தார். ஜீரோ நாலெட்ஜ் சான்று (கணக்கைத் திரும்பப் போடாமலே அது சரி என்று நிரூபிக்கும் சான்று) தயாரிக்கும் பல கருவிகள் ஏற்கெனவே ஈவிஎம்மை ரிஸ்க்-ஃபைவாக மாற்றித்தான் ஓட்டுகின்றன, நடுவில் ஓர் அடுக்கு எதற்கு என்பது அவர் வாதம். சில இடங்களில் 100 மடங்கு வரை திறன் கூடலாம் என்பது அவர் கணிப்பு. யோசனைக்கு எதிர்ப்பும் உண்டு. என்ன மெஷின் வந்தாலும் டிஸ்கிலிருந்து தரவைத் தேடி எடுக்கும் நேரம் அப்படியே நிற்கும் என்பதும் மறக்கக்கூடாதது.

ரிஸ்க்-ஃபைவ் 2010-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. சென்னை ஐஐடியின் 'சக்தி' பிராசசர்கள் அதன் மேல்தான் கட்டப்பட்டவை. ஆக, ஈபிபிஎஃப், வெப்அசெம்பிளி, ரிஸ்க்-ஃபைவ் மூன்றும் பிளாக்செயினுக்கு வெளியே பிறந்தவை. கம்பைலர் (நிரலை மெஷின் கட்டளையாக மாற்றுவது), ஆபரேட்டிங் சிஸ்டம், கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் தெரிந்தவர்கள் கொண்டுவந்து சேர்த்தவை. நாளைக்கு பிளாக்செயின் படுத்துவிட்டாலும் பிரவுசர், லினக்ஸ், சிப் கம்பெனிகளில் அந்தப் படிப்புக்கு வேலை உண்டு. டிகிரியில் ஒட்டிய பெயர் அப்போது என்ன செய்யும்?

இப்போது மகள் விஷயம். உங்கள் கடிதத்தோடு அவளும் நாலு வரி எழுதியிருக்கிறாள், நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. அவள் கேம் விளையாடவில்லை. அந்த கேம் ஓடும் சிப்-8 என்ற பழைய விர்ச்சுவல் மெஷினைத் தானே எழுதியிருக்கிறாள். 4 கேபி நினைவகம், 35 கட்டளைகள். ஒன்றை எடுத்து, என்னவென்று பார்த்து, செய்து முடித்து, அடுத்ததற்குப் போவது. ஈவிஎம்மின் அடிப்படைச் சுழற்சியும் அதுதான், கட்டளைகள்தான் நூற்றுச் சொச்சம். பதினேழு வயதில் இதைச் செய்யும் பெண்ணைக் கடனில் தள்ளி வேறெங்கும் அனுப்பாதீர்கள்.

டிஎன்இஏ எனும் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கவுன்சலிங்கில் சாதாரண சிஎஸ்இ அல்லது இசிஇ, அரசு அல்லது அரசு உதவிபெறும் கல்லூரியாகப் பாருங்கள். குடும்பத்தில் அவள்தான் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகைக்கான சான்றிதழை இப்போதே வாங்கிவிடுங்கள். கம்பைலரும் ஆர்க்கிடெக்சரும் ஐஐடிகளின் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெலில் இலவசமாகக் கேட்கலாம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். நிரல் மொழிகளில் முதல் வருஷம் சி, அப்புறம் ரஸ்ட். பிறகு ஒரு குட்டி ஈவிஎம்: கூட்டல், பெருக்கல், ஸ்டாக்கில் வைப்பது, தாவுவது, இவ்வளவு போதும். எத்தீரியம் பொதுவில் வைத்திருக்கும் சோதனைக் கோப்புகளை அதில் ஓட்டினால் எங்கே பிசகுகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். அது தேறியதும் ரஸ்ட்டில் எழுதிய ரெவ்ம் என்ற ஈவிஎம்மின் மூலநிரலைப் படித்து, ஒரு சின்னத் திருத்தமாவது அனுப்பட்டும். எத்தீரியம் புரோட்டோகால் ஃபெலோஷிப் என்று ஒன்று இருக்கிறது. தேர்வானால் உதவித்தொகை, தேர்வாகாதவர்களும் கூடவே வேலை செய்யலாம். வேலைக்கு எடுப்பவர் பார்ப்பது இந்தத் திருத்தங்களைத்தான்.

காயின் வாங்குவது, விற்பது இந்தத் திட்டத்தில் கிடையாது. லாபத்தில் 30 சதவீதம் வரி, விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ். படிக்கிற பிள்ளைக்கு அந்த வம்பு எதற்கு? பெரியப்பா மறுபடி போன் செய்தால், அந்தப் பல்கலைக்கழகத்தின் நான்கு வருஷப் பாடத்திட்டத்தில் கம்பைலர் எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேளுங்கள்.

இப்போதைக்கு நீங்கள் செய்யவேண்டிய செலவு 16 ஜிபி ராம் உள்ள ஒரு லேப்டாப். கேமிங் மாடல் தேவையில்லை, லினக்ஸ் ஒழுங்காக ஓடினால் சரி.