மினிமம் கட்டியும் கடன் கூடிவிட்டதே!

கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம். அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஜூலை 5 ஸ்டேட்மென்ட்டில் 40,000 ரூபாய் வந்தது. ஜூன் 10-ல் வாங்கிய ஃபிரிட்ஜ்தான், வேறு செலவே இல்லை. கையில் பணம் இல்லாததால் கடைசி நாளான ஜூலை 25 அன்று மினிமம், அதாவது வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகை, 2,000 கட்டினேன். ஆகஸ்ட் 5 ஸ்டேட்மென்ட்டில் 41,011 ரூபாய் சொச்சம் நிற்கிறது. வங்கி தப்பாகப் போட்டுவிட்டதா? (திருச்சி வாசகர்)

கணக்கு சரிதான், வயிற்றெரிச்சலே அதுதான். மினிமம் கட்டினால் லேட் ஃபீ வராது, நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் சிபிலில் கெட்ட பெயர் வராது. அதற்கு மேல் அதனால் ஒரு பயனும் இல்லை. முழுத் தொகையும் கட்டாவிட்டால் வட்டியில்லாக் காலம் என்ற சலுகையே போய்விடும். வட்டி ஜூலை 25-லிருந்து ஓடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் அது ஃபிரிட்ஜ் வாங்கிய ஜூன் 10-லிருந்தே ஓடும்.

உங்கள் கார்டுக்கு மாதம் 3.5%, அதாவது வருடத்துக்கு 42%. 40,000-க்கு 45 நாள் வட்டி 2,071 ரூபாய். 2,000 கட்டிய பிறகு மிச்சமுள்ள 38,000-க்கு ஆகஸ்ட் 5 வரை 11 நாள் வட்டி 481. இந்த இரண்டு வட்டிக்கும் சேர்த்து 18% ஜிஎஸ்டி. மொத்தம் 3,011 ரூபாய் 62 பைசா. கட்டியது இரண்டாயிரம், ஏறியது மூவாயிரம்.

இதோடு முடியவில்லை. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. இப்போது 41,011-ஐ மொத்தமாகக் கட்டினாலும், ஆகஸ்ட் 5-லிருந்து கட்டும் நாள்வரை ஓடிய வட்டி அடுத்த ஸ்டேட்மென்ட்டில் எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்து மறுபடி பயப்படாதீர்கள். அதையும் கட்டிவிட்டால் கணக்கு சுத்தம்.

இவ்வளவு வட்டி சட்டப்படி சரியா என்று கேட்டிருந்தீர்கள். 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. அதனால் அந்த 30 சதவீத வரம்பு இப்போது இல்லை.

ஸ்டேட்மென்ட்டில் நான் கேள்விப்பட்டே இராத ஒரு கடையின் பெயரில் 860 ரூபாய். மோசடியாக இருக்குமோ? (நாகர்கோவில் வாசகி)

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். போர்டில் ஒரு பெயர், வங்கியில் பதிவு செய்த நிறுவனத்துக்கு இன்னொரு பெயர் என்று நடத்தும் கடைகள் ஏராளம். நானே ஒருமுறை பதறிப்போய் கார்டை பிளாக் செய்துவிட்டு, அப்புறம் தேதியைப் பார்த்தேன். மைத்துனர் வந்த ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு வாங்கிக் கொடுத்த பிரியாணி!

முதலில் அந்தத் தேதியின் எஸ்எம்எஸ்ஸைத் தேடுங்கள், வீட்டில் யாராவது கார்டைப் பயன்படுத்தினார்களா என்று கேளுங்கள். ஆனால் இதையெல்லாம் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்த அன்றைக்கே முடித்துவிடுங்கள். யாருக்கும் தெரியவில்லை என்றால் உடனே கார்டை பிளாக் செய்து, புகார் எண்ணை வாங்கி எழுதி வையுங்கள். மோசடி என்று நீங்கள் புகார் கொடுத்த தொகைக்கு, அது தீரும்வரை வட்டியோ அபராதமோ போடக்கூடாது என்பது 2022-ல் வந்த ரிசர்வ் வங்கி விதி. 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். செலவு கிடையாது.

ஸ்டேட்மென்ட்டில் ஒன்றிரண்டு ரூபாய்க்கு வந்த செலவுகளையும் விட்டுவிடாதீர்கள். கார்டு எண்ணைத் திருடியவன் அது வேலை செய்கிறதா என்று முதலில் சில்லறையில்தான் சோதித்துப் பார்ப்பான்.

பங்க்கில் 2,000 ரூபாய்க்கு பெட்ரோல் போட்டேன். சர்சார்ஜ் (பெட்ரோலுக்குக் கார்டில் கட்டினால் போடும் கூடுதல் கட்டணம்) தள்ளுபடி உள்ள கார்டுதான், ஆனாலும் 3 ரூபாய் 60 பைசா கூடுதலாக வந்திருக்கிறது. (கோவை வாசகர்)

1% சர்சார்ஜ் 20 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 3.60. தள்ளுபடியில் 20 ரூபாய் திரும்பி வரும், ஜிஎஸ்டி திரும்பி வராது. வங்கியோடு சண்டை போட்டுப் பயனில்லை.

வாங்கிய புடவையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஸ்டேட்மென்ட் வந்த பிறகுதான் ரீஃபண்ட் ஏறியது. அதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டலாமா? (சேலம் வாசகி)

கடைசித் தேதிக்கு முன் வந்த ரீஃபண்டை வங்கி உடனே கட்ட வேண்டிய தொகையில் கழித்து, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஆப்பில் கட்ட வேண்டிய தொகை குறைந்திருக்கிறதா என்று பார்க்காமல் நீங்களாகக் கழிக்காதீர்கள். குறையவில்லை என்றால் முழுசாகவே கட்டிவிடுங்கள். கூடுதலாகக் கட்டியது உங்கள் கணக்கில் வரவாக நிற்கும், எங்கும் போகாது. குறைத்துக் கட்டினால் திருச்சி வாசகர் கதைதான்.

ஊருக்குப் போனதில் மறந்துபோய் இரண்டு நாள் தாமதமாகக் கட்டினேன். சிபில் போச்சா? (விழுப்புரம் வாசகர்)

போகவில்லை. கெடு தாண்டி 3 நாளுக்கு மேல் ஆனால்தான் லேட் ஃபீ போடவோ சிபிலுக்குச் சொல்லவோ முடியும். ஆனால் இந்தச் சலுகை வட்டிக்கு இல்லை. அடுத்த ஸ்டேட்மென்ட்டில் வட்டி என்று ஒரு தொகை வந்திருந்தால் கஸ்டமர் கேரில் பேசிப் பாருங்கள். எப்போதும் ஒழுங்காகக் கட்டுகிறவர் என்றால் ஒருமுறை விட்டுக்கொடுப்பதுண்டு. கேட்டால்தான் கிடைக்கும்.